நான் ஏறின கப்பல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பயமும் அதே வேகத்தில் வரும் என்பது முப்பது வயது தாண்டித்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட இடம் மலாய் நாட்டில் குளுவாங் ஊருக்கு வெளியே ஒரு புல்திடல். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதி ஊர்.

அப்போது நான் சிம்பாங் ரெங்கம் போகிற சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, துரையிடம் வசவு வாங்குவது, வாங்கின வசவைக் கொஞ்சமும் குறைக்காமல் கங்காணிகளுக்குக் கொடுப்பது, இதுதான் என் உத்தியோகம். நன்றாகவே செய்தேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்டி, நாற்பது நாள் அவளோடு இருந்துவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். "நீங்க போங்க, பின்னாலேயே அண்ணன் கூட வந்துடுறேன்" என்றாள். மூன்று வருஷமாக அந்தப் 'பின்னாலேயே' வந்து சேரவில்லை. கேட்டால் கப்பல் பயமாம்.

கப்பலுக்கு என்னடி பயம்? நான் நாலு தடவை போய்வந்தவன். மூன்று தடவை குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன் என்பதை நான் எழுதவில்லை. மாசத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு நாலு பக்கம் திட்டு, இப்படியே எழுதினேன். ஒரு தடவை அவள் பதில் போட்டாள்: "நடுக்கடல்ல இறங்கணும்னு தோணுச்சுன்னா யாரைக் கேக்குறது?"

அதைத் தோட்டத்து டிரெஸ்ஸரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், சீட்டாட்டத்தில் என் கூட்டாளி. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "ஏறினவளுக்கு இறங்குற பேச்சு எதுக்கு, கழுதை" என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவளுடைய கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியாக வந்ததில் "சௌக்கியம்" என்ற ஒரே வார்த்தை. கூடவே மாமனாரின் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள். தை மாதத்துக்குள் மாப்பிள்ளை ஒரு முடிவு சொல்லவும், பெண்ணை எத்தனை காலம் இப்படியே வைத்திருப்பது என்று.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு என்றால் என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா? அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை. மூன்று வருஷத்தில் அவள் முகம் கொஞ்சம் மறந்துபோயிருந்தது. ஆனால் அதையெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. திட்டு மட்டும்தான் வரும்.

இந்த நேரத்தில்தான் குளுவாங்கில் ஆஸ்பத்திரி உதவிக்கென்று ஒரு பொருட்காட்சி ஏற்பாடானது. குலுக்கல் சீட்டுகளைத் துரையே தோட்டத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். துரை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? முதல் பரிசு ஒரு சைக்கிள். அதன் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். குலுக்கலில் எனக்கு விழுந்தது இரண்டாம் பரிசு. பொருட்காட்சி அன்றைக்கு வரப்போகிற ஆகாயக் கப்பலில் ஒரு சுற்று.

அந்தக் காலத்தில் நாங்கள் விமானம் என்று சொல்ல மாட்டோம். ஆகாயக் கப்பல்தான். மலாய்க்காரர்களும் கப்பால் தெர்பாங் என்பார்கள், அதுவும் பறக்கிற கப்பல்தான். பேசிப் பேசி ஆகாயம் உதிர்ந்துபோய் வெறும் கப்பலாக நின்றுவிட்டது. "கப்பல் எப்ப வருதாம்?", "கிராணியாரு கப்பல் ஏறப் போறாராம்ல?" என்று லயத்து வீடுகளில் இதே பேச்சு. குளுவாங்கில் கடல் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வரவில்லை.

எனக்கோ தலை கால் புரியவில்லை. அன்றே பேனாவை எடுத்தேன். "அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கப்பல் ஏறுகிறேன். நீ பயந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திரு. எப்படி ஏறுவது என்று நான் காட்டுகிறேன்." எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோட்டும் தொப்பியுமாகத் திடலுக்குப் போனேன். கூட டிரெஸ்ஸர். கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மேலே மூடி இல்லை. உட்கார முன்னும் பின்னுமாக இரண்டு குழி. இறக்கையைச் சுண்டிப் பார்த்தேன்.

"யோவ், இது துணிய்யா!"

"அதனால என்ன கிராணியாரே? கோவணமும் துணிதான். நம்பிக் கட்டலையா?" என்றார் டிரெஸ்ஸர். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார். வாயில் வைக்கவும் கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். பின் குழியில் வெள்ளைக்காரர் ஒருவர், அவர்தான் ஓட்டுகிறவர். வாரால் என்னைக் கட்டினார்கள். முன்னால் இருந்த விசிறியை ஒருவன் கையால் சுற்றிவிட்டான். என்ன சத்தம், என்ன ஆட்டம்! என் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. வண்டி புல்லில் மெதுவாக நகர ஆரம்பித்தது. அவ்வளவுதான். வாரை எப்படி அவிழ்த்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. கோட்டு எதிலோ மாட்டிக் கிழிய, புல்லில் குப்புற விழுந்து, எழுந்து, ஜனங்கள் நின்ற பக்கமாக ஓடினேன். வழியில் தொப்பியும் போனது.

எனக்கு அடுத்து வரிசையில் நின்றது ஒரு சீனக் கடைக்காரரின் மனைவி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏறிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துக்கொண்டே இறங்கினாள். டிரெஸ்ஸர் வானத்தைப் பார்த்து என் தோட்டத்து ஆட்களிடம் சொன்னார்: "மானம் கப்பலேறிப் போச்சும்பாங்க. இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன். அதோ போகுது பாரு, கிராணியார் மானம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கடித்திருப்பேன். கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கிழிந்த கோட்டோடு உட்கார்ந்தேன். அப்படி எதற்கடா பயந்தாய் என்று என்னையே கேட்டேன். விழுந்துவிடுவேன் என்றா? அந்த நிமிஷத்தில் விழுவது ஞாபகத்துக்கே வரவில்லை. வண்டி நகர்ந்ததும் நிறுத்து என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் இருந்த மனிதனுக்கு எங்கே கேட்கும்? இறங்கணும் என்றால் யாரைக் கேட்பது?

அலமாக்! இது அவள் கேட்ட கேள்வி அல்லவா?

வார்த்தைக்கு வார்த்தை அதே கேள்வி. சீட்டாட்டத்துக்கு நடுவில் வாசித்துக் காட்டிச் சிரித்தேனே, அதே கேள்வி. எனக்கு முகமெல்லாம் சுட்டது. டிரெஸ்ஸர் ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவருக்கும் பேசாமல் இருக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் வெள்ளைக்காரரிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மாயமாகிவிட்டது. மலாயில்தான் கேட்டேன்: "நான் கையைத் தூக்கினா உடனே தூரோன். போலே?" கையைத் தூக்கிக் காட்டி, இறங்கு என்று கீழே இறக்கியும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "போலே" என்றார். முடியும், இறக்கிவிடுகிறேன் என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பயம் போய்விடவில்லை, அதுவும் என்னோடு ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் பல் ஆடுவது நின்றது. வண்டி ஓடியது, குதித்தது, சட்டென்று குதிப்பதை நிறுத்தியது. கண்ணைத் திறந்தால் லம்பாக் மலை எனக்குப் பக்கத்தில் நிற்கிறது! கீழே ரயில் பாதை. அதற்கு அப்பால் வகிடு எடுத்த மாதிரி வரிசை வரிசையாகப் பால்மரங்கள். நான் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த தோட்டமெல்லாம் ஒரு பாய் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. திடலில் டிரெஸ்ஸரின் தலைப்பாகை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யோவ் டிரெஸ்ஸரு!" என்று கத்திக் கையைத் தூக்கி ஆட்டினேன்.

உடனே கப்பல் கீழே இறங்க ஆரம்பித்தது. வாக்கு என்றால் வாக்கு, அந்த மனிதர் சொன்னபடி செய்துவிட்டார். "லாகி! லாகி!" இன்னும் போ, இன்னும் போ என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்கவே இல்லை. என் ஆகாயப் பயணம் மொத்தம் மூன்று நிமிஷம் இருந்தால் அதிகம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டு இல்லாத கடிதம். "நான் பயந்து குதித்து ஓடினேன். எல்லோரும் பார்த்தார்கள். நீ கேட்டது சரியான கேள்வி. நான்தான் கழுதை. லீவு கேட்டு நானே வருகிறேன். நடுக்கடலில் இறங்கணும் போல் இருந்தால் என்னைக் கேள். இறக்கிவிட என்னால் முடியாது. உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்." டிரெஸ்ஸரிடம் இதை வாசித்துக் காட்டவில்லை.

பதிலுக்குக் காத்திருந்தேன். ஒரு மாதம் ஓடியது, பதில் இல்லை. கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போட்டுவிட்டாள், மாமனார் முடிவு செய்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது சிங்கப்பூரிலிருந்து மச்சானின் தந்தி வந்தது. வந்து அழைத்துப் போகவும் என்று.

ஓடினேன். வருகிறவர்களை நோய்க்குப் பயந்து ஒரு தீவில் சில நாள் வைத்திருந்து, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்துத்தான் வெளியே விடுவார்கள். அந்த மருந்து வாசனையோடு மூட்டையும் கையுமாக நின்றாள் என் மனைவி. இளைத்துப் பாதியாகியிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே வந்து என் தோளை, கையை, முகத்தை எல்லார் முன்னாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்க ஏறின கப்பல் எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மச்சான்தான் சொன்னார். மாப்பிள்ளை முதல் ஞாயிறு கப்பல் ஏறுகிறாராம் என்று நான் எழுதின கடிதத்தைத் தெருவுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பலகாரம் சுட்டுக்கொண்டு நாகப்பட்டினம் போய்க் காத்திருக்கிறார்கள். கப்பல் வந்தது, நான் வரவில்லை. அடுத்த கப்பலிலும் இல்லை. வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டுவிடுவார்கள் என்று அங்கே எவனோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். தந்தி அடித்துக் கேட்கலாம் என்று மச்சான் சொல்லிப் பார்த்தாராம். இவள் ஒரே பிடியாகத் திரும்புகிற கப்பலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திட்டு இல்லாத என் கடிதம் அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஊருக்குப் போயிருக்கும்.

நான் விரலை மேலே காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு காக்காய் போனது.

விஷயத்தை விளக்கி முடித்ததும் மூட்டையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவி மனுஷா! நாலு பக்கம் திட்டுறதுக்கு மசி இருந்துச்சு. ஆகாயம்னு ஒரு வார்த்தை எழுதறதுக்கு மசி இல்லாமப் போச்சா?"

ரயிலில் மச்சான் தூங்கிவிட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "எப்படியோ உன் கப்பல் பயம் போச்சே" என்றேன்.

"யாருக்குப் போச்சு? ஏறினதுலேர்ந்து உடம்பு நடுக்கம் நிக்கல" என்றாள். "ஊர்ல குளத்துத் தண்ணியக்கூட எட்டிப் பாக்க மாட்டேன் நான். வழி நெடுகக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியத்தான் பார்த்துக்கிட்டே வந்தேன், எங்கயாச்சும் நீங்க மிதக்குறீங்களான்னு."

அவள் கையைப் பிடித்தேன். டிக்கெட் கேட்க ஆள் வந்து நின்றபோதும் விடவில்லை. ரயில் குளுவாங்கில் நின்றதும், "இறங்கலாமா?" என்று அவளைக் கேட்டேன்.

"இதை நடுக்கடல்ல கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.