நூற்றுப் பதினான்காம் குழாய்

கனகலட்சுமியிடம் ரத்தக் குழாயைக் கொடுத்தால், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோலக் கொண்டு போவாள். மதுரையில் ஓர் இதய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக ரத்தம் எடுப்பதும் கொண்டு போவதும்தான் அவளுக்கு வேலை. அடிபட்ட இதயத்தின் செல்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை ரத்தத்தில் விடுமாம். அவற்றை எண்ணினால் அடுத்த அடி யாருக்கு விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்பதுதான் டாக்டர் மைத்ரேயியின் ஆராய்ச்சி. ஒரே ஒரு கண்டிப்பு, குழாய் குலுங்கக் கூடாது. குலுங்கினால் ரத்த அணுக்களும் உடைந்து பை பையாக விட்டுத் தொலைக்கும், எது இதயத்தினுடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

கப்பலூர்ப் பட்டறையில் லேத் ஓட்டிய அவள் புருஷன் வெள்ளைத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள்.

"எம் பொண்டாட்டி எடுத்தாத்தான் குடுப்பேன்" என்றான், அந்த வலியிலும் சிரித்துக்கொண்டு.

எடுத்தாள். அன்றைக்குத்தான் கை உதறியது. குழாய் நழுவி டிரேயில் உருண்டது. விதிப்படி தூக்கிப் போட்டிருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, தெளிந்த மஞ்சள் நீரை ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். நான்காம் நாள் அவன் போய்விட்டான்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். அழுகை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது, அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"கனகா, இன்னிக்கு எண்ணிடலாம். நூறுலேர்ந்து நூத்தி இருபது வரைக்கும் எடு" என்றார் டாக்டர். குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நூற்றுப் பதினான்கு யார் என்று அவளுக்கு மட்டுமே தெரியும். அவன் உடம்பில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டால், எண்ண எடுத்தது போக மிச்சம் ஃப்ரீசரில் இன்னும் பல வருடம் இருக்கும். ஆனால் கணக்கு பொய்யாகிவிடும். அந்தப் பொய்யை நம்பி நாளைக்கு வேறொருத்தியின் புருஷனை, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நூத்திப் பதினாலு வேணாம் மேடம். அது குலுங்கிருச்சு."

"யார் எடுத்தது?"

"நான்தான்."

"நீயா? உன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லையே. சரி, போட்டுடு."

அவள் அதை எடுத்தாள். விரல் மரத்துப்போகும் குளிர். கழிவுப் பை பத்தடி தள்ளி இருந்தது. நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சமும் குலுங்காமல் கொண்டுபோய்ப் போட்டாள்.