சிவக்க மறுத்த தங்கக் கரைசல்

அவளைப் புயல் என்றுதான் அந்தக் கம்பெனியில் கூப்பிடுவார்கள். நடையும் அப்படி, கையும் அப்படி. நோய் கண்டறியும் பட்டைகளில் தெரியும் சிவப்புக் கோட்டுக்கான தங்கக் கரைசலை அவள்தான் காய்ச்சுகிறாள். தங்க உப்பு கலந்த மஞ்சள் நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சிட்ரேட் என்ற உப்பின் கரைசலை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் பிறக்கும். துகள் பொடியாக இருந்தால் கரைசல் சிவப்பு. பெருத்துப்போனால் ஊதா. ஊதா என்றால் வீண்தான்.

புது மேலாளர் வரும்வரை சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. அவள் சிட்ரேட் குடுவையைக் கவிழ்க்கிற வேகத்தைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"அம்மா, உள்ள இருக்கறது தங்கம்! வாசல் கழுவுற மாதிரி கொட்டுறீங்களே. சொட்டுச் சொட்டா விடுங்க."

விட்டாள். தொடர்ந்து மூன்று முறை ஊதா.

மனுஷி குழம்பிப்போனாள். சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். கலக்கியின் வேகத்தை மாற்றினாள். குடுவைகளைத் தேய் தேயென்று தேய்த்தாள். இவ்வளவு கவனமாக இருந்தும் ஏன் கெடுகிறது? தன் கைக்கே ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்தாள். வெள்ளிக்கிழமையும் ஊதாவானால் வேறு ஆள் போடப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கும் அப்போது வேலை இல்லை.

நாத்தனாரிடம் புலம்பினாள்.

"கெட்டுப்போறதுக்கு முன்னாடி எதை மாத்தினீங்க அண்ணி?"

"எதையும் மாத்தலையே! அவசரப்படுறத விட்டேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அதெப்படி? பொறுமையால் ஒன்று கெடுமா? நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சொன்னபடி செய்தால் ஊதா. மீறினால் அதற்கே வேலை போகலாம். நீர் கொதித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிட்ரேட் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"ஐயையோ, என்னம்மா பண்றீங்க!"

மஞ்சள் வெளுத்தது. பிறகு கறுத்தது. மேலாளர் தலையில் கைவைத்தார். கறுப்பு மெல்ல ஊதாவாகி, அங்கேயே நிற்பதுபோல் நின்று, அப்புறம் சிவக்க ஆரம்பித்தது. அதே பழைய சிவப்பு.

அவர் குனிந்து குடுவையைப் பார்த்தார்.

"ஏன் இப்படி?"

"தெரியல சார். படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்."

"ஒரேயடியாக் கொட்டினா நிறையத் துகள் ஒண்ணாப் பிறந்து, எதுவும் பெருசாக முடியாமப் போகுதோ என்னவோ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா. இத எப்படிக் கொட்டுறதுன்னு எனக்குக் காட்டுங்க."