இரண்டு த. குமார்களும் ஒரு வினைமுற்றும்

புது மோட்டார் சைக்கிளில் குறை தேடுவது என் வேலை. குறை இல்லாவிட்டால் என்னை யாரும் நினைப்பதில்லை, இருந்துவிட்டால் என்னைத் தவிர யாரையும் நினைப்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில், வண்டியை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக அதைப் பார்த்துக் கையெழுத்திடுபவள் நான். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஒரு பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தினேன். பள்ளியை மூடிவிட்டார்கள், இலக்கணத்தை நான் மூடவில்லை. ஏதேனும் ஒரு தாளில் கையெழுத்திட்டுவிட்டு, ரயிலில் வீடு திரும்பும்போது அதே தாளை மனத்துக்குள் மறுபடியும் படித்துப் பார்க்கிற துர்ப்பாக்கியசாலிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எழுவாய் இல்லாத தாள்

நான் சேர்ந்த நாளில் சோதனைத் தாளின் அடியில், ‘வண்டி முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தது. யாரால் என்பது இல்லை. செயப்பாட்டு வினையின் வசதி அதுதான்: செய்தவர் வாக்கியத்தை விட்டு வெளியே போய்விடலாம். அந்த வரியின் கீழே மெக்கானிக் கையெழுத்திட்டிருந்தார், காசாளர் கையெழுத்திட்டிருந்தார், ஒருமுறை காவலாளியும் கையெழுத்திட்டிருந்தார்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, ‘இவ்வண்டியை நான் சரிபார்த்தேன்’ என்று எழுதி மேலாளர் சீனிவாசனிடம் கொடுத்தேன். ‘சரிபார்த்தேன்’ என்பது தன்மை ஒருமை வினைமுற்று. அதன் விகுதியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், நினைத்தபோது எழுந்து போக முடியாது என்று விளக்கினேன். அவர் இருமுறை படித்துப் பார்த்து, அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி நீட்டினார். “டீச்சர், வண்டி ஓடறதுக்குப் பெட்ரோல் ஊத்தினாப் போதும், எழுவாய்லாம் ஊத்த வேணாம்.”

வேப்பம்பட்டிலிருந்து வந்த பட்டியல்

கறுப்பு நிறம் தம் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துத் தாமே தயாரித்த நாற்பது வரிப் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. டயர் எந்த மாதம் செய்தது, சங்கிலி எத்தனை விரல் தொய்கிறது, பிரேக் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பத்தொன்பதுக்கும் விடை என் தாளில் இருந்தது. நாற்பதாவது, பெட்ரோல் டேங்கின் அடிவிளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். அதை நான் பார்க்கவில்லை.

மெருகிட்டால் தெரியாது என்று மெக்கானிக் பாபு சொல்லத் தொடங்கினார். நான் கையமர்த்தி, அடுத்த லாரியில் வரும் வண்டியைத் தருவதாகச் சொன்னேன். நான்கு நாள் காத்திருக்க அவர் சம்மதித்தார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. “ஒரு நாள்தான் மேடம் அது புதுசு, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பழசுதானே.”

அட்டையும் மாலையும்

அந்தக் கீறலுக்குப் பிறகு இரண்டு விதிகள் செய்தேன். ஒப்படைக்க வேண்டிய வண்டியின் கைப்பிடியில் வாங்குபவர் பெயரை எழுதி ஓர் அட்டை தொங்கவிடுவது எங்கள் வழக்கம். காசாளர் அதை ஆங்கிலத்தில் கிறுக்குவார். பாபு செல்வத்தைச் செல்வனாகப் படிப்பார். இனி அட்டைகளைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்றேன். தமிழில் எழுதினால் பிழை நேராது என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டாவது விதி, நான் பார்த்து முடித்த பிறகே மாலை போட வேண்டும் என்பது. வண்டியின் பிறவி அடையாளமான சேசிஸ் எண்ணைக் கைப்பிடிக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் பொறித்திருப்பார்கள். மாலை சரியாக அங்கேதான் விழும். மகனுக்கு வண்டி எடுக்க வந்த ஓர் அம்மாளிடம் மாலையைச் சற்றே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். ஆனால் எண்ணை நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, சாமிய நம்ப மாட்ட, நம்பரத்தான் நம்புவியா?”

வெள்ளிக்கிழமை, பத்து இருபது

ஒரே மாதிரியான இரண்டு கறுப்பு வண்டிகளை ஒரே நாளில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. முந்தைய மாலையே இரண்டின் சேசிஸ் எண்ணையும் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். காலையில் பாபு அட்டையைப் பார்த்து நம்பர் பிளேட்டுகளைப் பொருத்தினார். பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஆரம்பாக்கத்திலிருந்து குமார் என்பவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். பத்தரைக்கு ராகுகாலம். நான் மேசையிலிருந்து எழுவதற்குள் மாலை விழுந்துவிட்டது. சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் வந்துவிட்டது.

என் விதிப்படி மாலையைத் தூக்கியிருக்க வேண்டும். சீனிவாசன் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தை அழுதது. நேற்றே பார்த்த எண்தானே என்று நினைத்தேன். பதிவுத் தாளில் இருந்த எண்ணும் பிளேட்டில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன, கையெழுத்திட்டேன். குமார் எதையும் பார்க்காமலே தம் பங்குக்குக் கையெழுத்திட்டார். எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு அவர் மனைவிதான் பதில் சொன்னார். “நீங்க பாத்துட்டீங்க இல்ல மேடம், அதுக்கு மேல நாங்க இன்னா பாக்கப்போறோம்?”

கைப்பேசி வெளிச்சம்

பதினொன்றே காலுக்கு இரண்டாம் குமார் வந்தார். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவர். ராகுகாலத்தில் வாடிக்கையாளர் வருவது அபூர்வம். அவர் கிறித்தவர், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது என்று தெரிந்தே வந்ததாகச் சொன்னார். என்னைப் போலவே பார்த்துப் பிழைப்பவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கைப்பேசி விளக்கைப் போட்டுக் கழுத்துப் பகுதியில் சாய்த்துப் பிடித்தார். தாளை என் கையில் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாக அவர் வாசித்தார், நான் ஒப்பிட்டேன்.

கடைசி நான்கு இலக்கங்கள் வேறாக இருந்தன. மறுபடி வாசித்தார். மறுபடியும் வேறாகவே இருந்தன. பாபு பக்கத்தில் வந்து நின்றார். குமார் விளக்கை அணைத்துவிட்டு, எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார். “கறுப்பு கறுப்புதான்க்கா, ஆனா இது என்னுது இல்ல.”

பதினேழு அழைப்புகள்

வண்டியில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: ‘த. குமார்’. காலையில் கழற்றிய அட்டையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்: ‘த. குமார்’. ஆரம்பாக்கத்துக் குமார் தனசேகரின் மகன். இவர் தங்கராஜின் மகன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு முதலெழுத்துகளும் வேறு வேறு. தமிழில் ஒரே தகரம். பாபு பிளேட்டுகளை மாற்றிப் பொருத்திவிட்டார். தமிழில் எழுதச் சொன்னவள் நான். மாலையைத் தூக்காதவளும் நான்.

தனசேகரின் மகன் ஓட்டிக்கொண்டு போன வண்டி, காகிதப்படி அவருடையது அன்று. நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசினாலும் காப்பீட்டுக்காரர்கள் முதலில் படிப்பது சேசிஸ் எண்ணைத்தான். வண்டியில் மூன்று உயிர்கள். தாளின் அடியில் என் வினைமுற்று. பதினேழு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாபுவின் பின்னால் உட்கார்ந்து ஆரம்பாக்கம் போனேன். வழியில் கூட்டம் கூடியிருந்த ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது இளநீர்க் கடை. குமாரும் மனைவியும் குழந்தையும் வீட்டில் இருந்தார்கள். வண்டி இல்லை. மைத்துனர் ஆந்திர எல்லையைத் தாண்டித் தடா வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். குமாரின் கைப்பேசி பையிலேயே இருந்ததாம். நீட்டிய நாற்காலியில் நான் உட்காரவில்லை. சாலையில் ஒவ்வொரு ஹாரனுக்கும் வாசலுக்குப் போய்த் திரும்பினேன். அரை மணி கழித்து, பாதி மாலையோடு வண்டி வந்து நின்றது. மைத்துனர் சிரித்துக்கொண்டே இறங்கினார். “லாரிங்க நடுவுல வுட்டுப் பாத்தேன் மாமா, சும்மா பூந்துக்கினு போவுது.”

பொட்டு

நடந்ததை அங்கேயே சொன்னேன். ‘நேர்ந்துவிட்டது’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, ‘தவறிவிட்டேன்’ என்றேன். பூசை போட்ட வண்டியை இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று அவர் மனைவி கேட்டார். அவர் தம்பி எந்தச் சாலையில், எதன் நடுவே, யாருடைய வண்டியில் போய்வந்தார் என்பதை மட்டும் சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கிளம்பலாம் என்று கணவருக்குக் கண்ணைக் காட்டினார்.

நிலையத்தில் பாபு பிளேட்டுகளை வண்டியோடு பிணைத்திருந்த பூட்டை உடைத்து, மாற்றிப் பொருத்திப் புதுப் பூட்டுப் போட்டார். இம்முறை புது மாலையை அந்தப் பெண்ணே தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணைப் படித்தேன், இருமுறை படித்தேன். எஞ்சியவர், அதுவரை நிலையத்திலேயே காத்திருந்த தங்கராஜின் மகன். முகப்பு விளக்கில் சந்தனமும் டயரில் எலுமிச்சைச் சாறும் மீட்டரில் பிறர் ஓட்டிய தூரமுமாக நின்ற தம் புது வண்டியை அவர் சுற்றி வந்து பார்த்தார். விரும்பினால் வேறு வண்டி கேட்கலாம், அது உங்கள் உரிமை என்றேன். கேட்டிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும்; சீனிவாசன் முகத்தில் அது எழுதியிருந்தது. குமார் கைக்குட்டையை எடுத்து விளக்கைத் துடைத்தார். “பொட்டு தொடச்சா போயிடும்க்கா, நம்பருதான் போவாது.”

விளக்கக் கடிதம்

நிறுவன உரிமையாளருக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: மாலையை நான் விலக்கவில்லை; எண்ணை மறுபடி பார்க்கவில்லை; அட்டை முறையை வகுத்தவள் நான். மூன்று வாக்கியங்கள், மூன்றிலும் நானே. சீனிவாசன் படித்தார். இதை இப்படியே அனுப்பினால் உரிமையாளர் என்ன சொல்வாரென்று தெரியாது, இரண்டு இடத்தில் வினையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்றார். அவர் நீட்டிய பேனாவை நான் வாங்கிக்கொள்ளவில்லை; கடிதம் அப்படியே போயிற்று. உரிமையாளர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் என் மேசை இழுப்பறையைத் துப்புரவாக அடுக்கி, எடுத்துக்கொண்டு போகத் தோதாக வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சோதனைத் தாளில் ஒரு புது வரி சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது: மாலையை விலக்கிப் பார்க்க வேண்டும். வேலை தப்பியது. சீனிவாசன் என் நாற்காலியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “பழைய தாள்ல யாருமே இல்ல டீச்சர், அதனால யாருக்கும் வேலை போவல.”

இப்போது எங்கள் அட்டைகளில் தந்தையின் பெயர் முழுமையாக எழுதப்படுகிறது, மன்னிக்கவும், எழுதுகிறேன்.