சலவை மெஷினும் என் பேச்சும்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணமாகி நான் மைசூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரியான என் மாமனார், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடமிருந்து துணி துவைக்கும் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். நான்கு கால்மேல் நிற்கும் இரும்புத் தொட்டி. மேலே துணியைப் பிழிந்து தள்ள இரண்டு ரப்பர் உருளைகள். வருகிறவர்களை எல்லாம் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டுவார். அதில் துவைக்கிற வேலை மட்டும் என்னுடையது.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஈரக் கையோடு தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். விரல்கள் சுரீரென்றன. பிரமை என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. பிறகு மோட்டாரின் சத்தம் மாறி உறும ஆரம்பித்தது; ரப்பர் தீய்கிற வாடையும் வந்தது.

மாமனாரிடம் சொன்னேன். சீமைச் சாமான் அவ்வளவு சீக்கிரம் கெடாது என்றார். கணவரிடம் சொன்னேன். ஆபீஸிலிருந்து வந்த பூட்ஸ் காலோடு போய், உலர்ந்த கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். நான் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மாமியார்தான் கன்னடம் கலந்த தமிழில் முடித்துவைத்தார்.

"கல்லுல அடிச்சுத் துவைக்கிற கஷ்டமே உனக்கு இல்லை. சும்னே சாக்கு சொல்லாதேம்மா."

ஒரு நாள் மெஷின் ஷாக் அடித்து என்னைத் தூக்கியே எறிந்தது. துவைக்கிற கல்லில் மோதி முழங்கை எலும்பு முறிந்தது. சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டாள் என்று டாக்டரிடம் மாமியார் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் பிரித்ததும் மறுபடியும் மெஷின் முன்னால் நின்றேன். மரப்பலகைமேல் நின்றால் அவ்வளவாக அடிக்கவில்லை என்று நானே கண்டுகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். பின்கட்டுக்குப் போனவள் ஒரு புடவையை அலசிப்போட மெஷினைத் தொட்டாள். வேண்டாம் என்று நான் ஓடிவருவதற்குள் அலறிவிட்டாள். நல்லவேளை, அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாமனாரே ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அன்று மத்தியானமே மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஜட்கா வைத்து அழைத்துவந்தார்கள். உள்ளே ஒயரின் உறை தேய்ந்து, கம்பி தொட்டியின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது.

"இது நேத்து இன்னைக்கு ஆனதில்லைங்க. ஷாக் அடிக்குதுன்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"யாரும் சொல்லலை" என்றார் மாமனார்.

என் வாய் என்னை மீறிவிட்டது.

"நான் சொன்னேன் மாமா. பல தடவை சொன்னேன்."

மாமனார் கூடத்துக்குப் போய்விட்டார். விஷயம் கேட்டு ஆபீஸிலிருந்து வந்திருந்த கணவரைப் பார்த்தேன். மெக்கானிக் கழற்றிப் போட்டிருந்த திருகாணிகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும்போது மட்டும், வெளி ஆள் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று கடிந்துகொண்டார்.

மெஷின் சரியாகிவிட்டது. அதன்பின் நான் அதைத் தொடவில்லை, கல்லிலேயே துவைத்தேன். பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கினேன்.

எத்தனையோ வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திவிட்டேன், குறை சொல்லும்படி அவர் என்னை நடத்தவும் இல்லை. ஆனால் அன்று அவர் "ஆமாம், சொன்னாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.