ஏழாவது கோழிக்குஞ்சு

என் மூத்த மகனுக்கு ஐந்து வயது முடிந்த அன்று வீட்டில் பார்ட்டி வைத்தேன். எழுபதுகளில் எங்கள் தெருவில் பிறந்தநாள் என்றால் பெரிய கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், அவ்வளவுதான். எதிர்வீட்டு ஆபீசர் மனைவிதான் கேக், பலூன், மியூசிக்கல் சேர் என்று ஆரம்பித்து வைத்தாள். அங்கே போய்விட்டு வந்த என் பையனுக்கு மூன்று நாளும் அதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நாற்காலியைச் சுத்தி ஓடுறதெல்லாம் ஒரு விளையாட்டாங்க? நான் குடியானவங்க வீட்டுப் பொண்ணு. கழனி விளையாட்டா வைக்கிறேன் பாருங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வையேன். ஆனா ஜாஸ்தி அலட்டிக்காத" என்றார். அவர் சொல்லி நான் எதைக் கேட்டேன், அதைக் கேட்க!

கீழ்பென்னாத்தூர் பக்கம் என் பிறந்த வீடு. முந்தின நாளே பஸ் ஏறிப் போய், ஒரு பை நிறைய மல்லாட்டையும் ஏழு கோழிக்குஞ்சுகளும் கொண்டுவந்தேன். மல்லாட்டை என்றால் எங்கள் ஊரில் வேர்க்கடலை. அதை மணலில் புதைத்துவைத்து, யார் அதிகம் தோண்டி எடுக்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிப் பசுவாக்கி, 'ம்மா' என்று கத்தும் கன்றைத் தேடவிடுவது இன்னொன்று. கடைசியில்தான் குஞ்சு விளையாட்டு. கொல்லையில் ஏழு கூடைகளைக் கவிழ்த்து, கூடைக்கு ஒரு குஞ்சு. பிள்ளைகள் கூடையைத் தூக்கி, குஞ்சை இரண்டு கையாலும் ஏந்திப்போய், கோலமாவில் போட்ட வட்டத்துக்குள் விடவேண்டும். முதலில் வருகிற பிள்ளைக்குப் பரிசு கிடையாது. யாருடைய குஞ்சு கத்தாமல் வருகிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் பரிசு. இதை யோசித்துப் பிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பூனைக்குப் பயந்து, குஞ்சுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, கொல்லைச் சுவரோரம் நிழலில் வைத்திருந்தேன். மத்தியானம் கேசரி கிளறினேன், பஜ்ஜிக்கு மாவு கரைத்தேன், பையனுக்குத் தலை வாரினேன். டின் ஞாபகமே இல்லை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் வெயில் திரும்பி டின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. ஆறு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஏழாவது கழுத்து துவண்டு கிடந்தது. அதன் அலகைத் தண்ணீரில் நனைத்தேன். தள்ளாடி எழுந்து நின்றது.

கழுத்து துவண்ட குஞ்சு பிழைக்காது என்று எனக்குத் தெரியும். கோழிகளோடு வளர்ந்தவள் நான். ஆனால் பிள்ளைகள் ஏழு பேர் வந்துவிட்டார்கள், எதிர்வீட்டுக்காரி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு குஞ்சு கம்மி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதையும் எடுத்துக் கூடைக்குள் வைத்தேன்.

அந்தக் கூடை பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் போனது. அவளுக்கும் ஐந்து வயதுதான். பொழுதுக்கும் எங்கள் வீட்டிலேயே கிடப்பாள். மற்ற பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடின, குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. இவள் மட்டும் அடிமேல் அடிவைத்து, உள்ளங்கைகளைக் குவித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நடந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, என் குஞ்சு கத்தவேயில்ல!"

வட்டத்துக்குள் கையை விரித்தாள். குஞ்சு அப்படியே சரிந்து விழுந்தது.

"கொன்னுட்டா! அமுக்கிக் கொன்னுட்டா!" என்று ஒரு பையன் கத்தினான். மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மெதுவாப் புடின்னு சொன்னேனே கண்ணு, இப்படியா அமுக்குவ?"

அந்தக் குழந்தை அழவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவள் அம்மா வந்து, "எதையும் உருப்படியாப் புடிக்கத் தெரியாதாடி உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். நான் குறுக்கே போகவில்லை. ஒரு தட்டில் கேசரி வைத்துக் கொடுத்தனுப்பினேன். என்ன மனுஷி நான்! குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அதற்கப்புறமும் எங்கள் வீட்டுக்கு வந்தாள், விளையாடினாள். அதனால் நானும் அதை விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்த தன் அம்மாவுக்குப் பின்னால் அந்தப் பக்கத்து வீட்டுச் சிறுமியும் வந்தாள். ஆசை ஆசையாகக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு, மடியில வைக்கிறேன்" என்றேன்.

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் அத்தை. நான் அமுக்கிடுவேன்."

அவள் அம்மா இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். டின்னை வெயிலில் விட்டது, குஞ்சு முன்னாலேயே துவண்டு கிடந்தது, தெரிந்தே கூடைக்குள் வைத்தது, எல்லாம். "நீ ஒண்ணுமே பண்ணல கண்ணு. கொன்னது நான்தான்."

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். எனக்காக வருத்தப்படுகிற மாதிரிதான் இருந்தது.

"பரவால்ல அத்தை. நான் அழுவேன்னுதானே இப்படிச் சொல்றீங்க?"

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. குழந்தையைத் தொடாமலேயே வீட்டுக்குப் போனாள்.