மூடியில் சுரண்டிய சீட்டு

லியாவ் கிம்-கியிடம் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் திட்டு வாங்கத் தயாராகத்தான் போவார்கள். ஃபெங்யுவான் சந்தைக்குப் பின்னால், மீன் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய கடை. பதினாறு வயதில் ஏற்றுமதித் தொழிற்பேட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப் போனவள், ஐம்பத்து மூன்று வயதிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூசி படிந்த பெட்டியோடு வருகிறவனைப் பார்த்து, "உன் மூஞ்சியையாவது கழுவுறியா?" என்று கேட்பாள். வேறு போக்கிடம் இல்லாததால் அவனும் மறுபடி வருவான்.

அன்று காலை பத்து மணிக்கு வந்து நின்றவள் தம்பி பெண்டாட்டி ஆ-சுவாட். பதினொரு வருஷமாகத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். நேற்று மின்சாரம் போய் வந்ததிலிருந்து பட்டறைக் கணினி கிளம்பவில்லை என்றாள். இரும்பை அறுக்கும் மிஷினுக்கு எங்கே அறுக்க வேண்டும் என்று சொல்வதே அதுதான். நாளைக் காலை பாகங்களை வார்க்கும் அச்சுகளைக் கொடுக்காவிட்டால் சைக்கிள் கம்பெனி வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். இரண்டு கடைக்காரர்கள் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, குப்பையில் போடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

"அவன் வரலையா?" என்றாள் கிம்-கி.

"அவருக்கு வேலை இருக்கு அண்ணி."

"கம்ப்யூட்டர் ஓடலைன்னா அவனுக்கு என்ன வேலை?"

ஆனாலும் கிம்-கி பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் அப்பாவின் பீடத்தில் ஊதுபத்தி ஏற்ற வேண்டும். பதினொரு வருஷமாக அந்த மாடிக் கதவு அவளுக்குப் பூட்டியே கிடந்தது.

சங்கதி இதுதான். தகப்பன் செத்தால் மகள்கள் தங்கள் பங்கு வேண்டாம் என்று காகிதத்தில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். தம்பி தியாம்-திங் நேரில் வந்து கேட்டிருந்தால் அவளும் குத்தியிருப்பாள். ஏழாம் நாள் சடங்கு முடிவதற்குள் அவன் காகிதத்தை ஆள் மூலம் அனுப்பினான். அந்தப் பட்டறைக்குக் கணினி வாங்கி, அதை மிஷினோடு இணைத்து, அப்பாவுக்குப் பழக்கிக் கொடுத்தவள் அவள். காகிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள். அவன் மாடியைப் பூட்டினான். நெஞ்சழுத்தத்தில் இருவரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள்தான்.

பட்டறையில் தியாம்-திங் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. முதலில் மிஷின் ஓடட்டும், பிறகு மாடி என்றான். கணினியின் தலையில் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. அது இருந்தால் மிஷின் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது ஃபெங்யுவான் இருக்கும் தீவில் பட்டறை முதல் ஆஸ்பத்திரி வரை எல்லோருடைய நம்பிக்கை. பழைய பொட்டலத்தின் தேதி நாலு வருஷம் முன்பே முடிந்திருந்ததாம். அதனால்தான் வினை என்று காலையில் ஓடிப்போய்ப் புதிது வாங்கி வைத்திருந்தான்.

கிம்-கி அதைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். மிஷினுக்கு வைத்ததை யாரும் தொட மாட்டார்கள். ஆ-சுவாட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தின்றுகொண்டே சுவிட்சைப் போட்டாள். ஹார்ட் டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. செத்தது சுற்றாது. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தாள். 1980 என்றிருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் போனதும் கணினி தேதியை மறந்தது, தன் ஹார்ட் டிஸ்க் எப்படிப்பட்டது என்பதையும் மறந்தது. மூன்று எண்களைத் தட்டினால் ஞாபகம் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கின் மேல் அச்சடித்திருந்ததெல்லாம் எண்ணெய்ப் புகையில் கறுத்துப்போயிருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் அந்த எண்களை எழுதி, கீழே தன் பெயரும் போட்டு, கணினிப் பெட்டி மூடியின் உட்புறம் அவள் ஒட்டியிருந்தாள்.

மூடியைத் திருப்பினாள். சீட்டு இருந்த இடத்தில் கத்தியால் சுரண்டிய தழும்புதான் இருந்தது.

"என் பேரு கண்ணை உறுத்துச்சோ?"

தியாம்-திங் மூடியைக் கவிழ்த்து வைத்தான். அவள் உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு, மனப்பாடமாக மூன்று எண்களையும் தட்டினாள். கணினி கிளம்பியது. அப்பா காலத்து அச்சு வரைபடங்கள் வரிசையாக வந்தன. ஆ-சுவாட் அழுதேவிட்டாள்.

கிம்-கி சாவிக்குக் கையை நீட்டினாள். தியாம்-திங் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தது சாவி அல்ல, பழுப்பேறிய அதே காகிதம்.

"முத்திரையைக் குத்திட்டு மேல போ."

கிம்-கி கத்தவில்லை. கையை நீட்டி, சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது.

"இப்ப நீயே குத்திக்கோ. பொத்தானை."

அவன் குத்திப் பார்த்தான். மறுபடி 1980. ஹார்ட் டிஸ்க் இல்லை என்று ஒரு வெள்ளை வரி. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவை அடிக்கப் போகிறான் என்றே ஆ-சுவாட் நினைத்தாள். அவளே இழுப்பறையில் துழாவிச் சாவியை எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள்.

கிம்-கி மூன்று ஊதுபத்தி ஏற்றினாள். அவை அடிவரை எரிந்து தீரும்வரை மாடியிலேயே நின்றாள். கீழே தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கி வந்து, திரையை மறைத்துக்கொண்டு எண்களை மீண்டும் தட்டினாள். அவன் பேனாவையும் சீட்டையும் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அணைக்காத வரை ஓடும் என்றாள்.

"புது வருஷத்துக்குப் பட்டறையை மூடணுமே அண்ணி," என்றாள் ஆ-சுவாட். "அப்ப அணைச்சுத்தானே ஆகணும்?"

"அணைங்க. அஞ்சாம் நாள் திறக்கறப்ப என்னைக் கூப்பிடுங்க. மாடிச் சாவியை வெளியிலேயே வச்சிருங்க."

மிச்சமிருந்த சோளப்பொரியைத் தின்றுகொண்டே நடந்தாள். அந்தக் கணினிக்குப் பொருந்துகிற புது பேட்டரி அவள் பையில் இருந்தது. கடை போய்ச் சேரும்வரை அவள் பையைத் திறக்கவில்லை.