மத்தியான ஐஸ்

காலையில் பெண்களுக்குக் குளிரும் என்று சொன்னார்கள். அதனால் காலை ஐஸ் ஆண்களுக்கு, மத்தியான ஐஸ் பெண்களுக்கு. தேசிய பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் என்று அந்த மலை ஊர் முழுக்க பேனர் கட்டிவிட்டு, போட்டி நடத்துகிற சங்கத்தின் தலைவர் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இந்தியில் சொன்னதை என் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பேச்சே வராது. ரேஷன் கடையில் ஒருத்தி வரிசையில் முந்தினால்கூட ஒன்றும் கேட்காமல் பின்னால் நின்றுகொள்வேன். என் மகள் அப்படி இல்லை. பாண்டிச்சேரியில் காலேஜ் படிக்கும்போது சக்கர ஸ்கேட் போட்டு ஹாக்கி ஆடப் பழகினாள். கோல் கீப்பர். அப்புறம் அதே ஆட்டத்தை ஐஸ் மேல் ஆட, தெற்கிலிருந்து ஒரு பெண்கள் டீம் சேர்த்தபோது அவளையும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இதைச் சொன்னதும் எதிர்வீட்டுக்காரி, “ஐஸ் வண்டிகூட நம்ம தெருவுக்கு வர்றதில்ல, உம் பொண்ணு ஐஸ்ல ஆடப் போறாளா?” என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்தாள்.

பெண்கள் டீம் என்றால் கூட ஒரு பெண் போக வேண்டும் என்று விதி. மற்ற அம்மாக்களுக்கு வேலை இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் அளம் தண்ணீருக்கடியில் கிடக்கும், எனக்கு வேலை இல்லை. சென்னைக்காரத் தம்பி ஒருவர்தான் கோச். “அக்கா, நீங்க சும்மா கூட இருந்தா போதும்” என்றார். சும்மா கூட இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார். இந்தியா டீம் கேம்புக்கு இந்தத் தடவை எடுக்காவிட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். அவளும் சரி என்றாள்.

அங்கே போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கோல் கீப்பர் காலில் கட்டும் பேட் தலையணை மாதிரி இருக்கும். கட்டிக்கொண்டு குனிய முடியாது. நான் மண்டி போட்டு வாரை இழுத்துக் கட்டுவேன். உப்புத் தண்ணீரில் வெடித்த என் விரல்கள் அந்தக் குளிரில் இன்னும் பிளந்துகொண்டன. ஆட்டம் முடிந்ததும் ஸ்கேட்டின் பிளேடை ஈரம் போகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். உப்புக் காற்றில் வாழ்கிறவளுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐஸ் என்றால் கூரை போட்ட ஹால் இல்லை. உறைந்துபோன ஒரு குளம், சுற்றிலும் பலகைத் தடுப்பு. விடியும்போது டைல்ஸ் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் மலைக்கு மேலே வந்ததும் வியர்க்க ஆரம்பிக்கும். மத்தியானம் தண்ணீர் கட்டி நிற்கும். எங்கள் ஊரில் உப்பு விளைய அந்த வெயிலுக்குத்தான் காத்துக் கிடப்போம். அங்கே அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

பந்துக்குப் பதில் கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை, பக் என்பார்கள். மத்தியான ஐஸில் அது நாலடி போய்த் தண்ணீரில் நின்றுவிடும். பெண்கள் அதைச் சுற்றி நின்று கரும்பு வெட்டுவதுபோல் மட்டையால் கொத்துவார்கள். தடுப்புக்கு வெளியே நின்ற பையன்கள் நீச்சல் அடிப்பதுபோல் கையை வீசிக் காட்டுவார்கள். என் மகளின் பேட் தண்ணீர் குடித்துக் கனத்துப்போய், அவளால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரியவே முடியாது. எங்கள் டீம் பெண் ஒருத்தியின் பிளேடு சகதிபோல் இருந்த ஐஸில் புதைந்து கணுக்கால் திரும்பிவிட்டது. அன்றைக்கும் கோச் தலைவரிடம் போய்க் காலை ஐஸ் கேட்டுக் கெஞ்சினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம்.

சீசன் முழுக்க இப்படியே போனது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், இந்தியா டீம் கேம்புக்கு ஆள் எடுக்க வந்திருந்த ஒரு அம்மா எங்கள் கோச்சிடம் மனசு விட்டுச் சொன்னார். இந்த ஐஸில் யார் நன்றாக ஆடுகிறாள், யார் ஆடவில்லை என்றே தெரியவில்லை, கோல் கீப்பர் யாரையும் எடுக்காமலே போக வேண்டியிருக்கும் என்று. மகள் அதைக் கேட்டுவிட்டு வந்து ஸ்கேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் காலை ஆண்களுக்குப் போட்டிகூட இல்லை, வெறும் பிராக்டிஸ். ஆனாலும் எங்கள் ஆட்டம் மத்தியானம்தான்.

எங்கள் அளத்தில் தகராறு என்றால் பெண்கள் கத்த மாட்டோம். வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவோம். ஆள் உட்கார்ந்திருக்கிற பாத்தியில் யாரும் உப்பு வாரும் பலகையை இறக்க மாட்டார்கள். பேசத் தெரியாதவளும் அதைச் செய்யலாம்.

விடிந்ததும் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். ஐஸில் நடுவாந்திரமாகக் கம்பளியை விரித்து உட்கார்ந்தேன். ஸ்கேட் கட்டிக்கொண்டு வந்த ஆண்கள் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள், சிரித்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். கோச் ஓடி வந்தார்.

“அக்கா, எந்திரிங்க. டீமையே வெளிய அனுப்பிடுவாங்க.”

நான் கம்பளியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். மகள் வந்தாள்.

“எம்மா, இன்னா பண்ற?”

“உக்காந்துகினு இருக்கேன்.”

“எதுக்கு?”

“உங்களுக்கு இந்த ஐஸ் வேணும் இல்ல?”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணுக்கால் திரும்பிய பெண் நொண்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் எங்கள் டீம் முழுக்க. அன்று எங்களோடு ஆட வேண்டிய மலைநாட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தபோதுதான் ஆண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். இது அவர்கள் சொந்த ஊர் ஐஸ். சின்ன வயசிலிருந்து மத்தியானத்தில்தான் ஆடுகிறோம் என்று ஒருத்தி மகளிடம் சொன்னாளாம்.

தலைவர் வந்தார். நீளமாக ஏதோ பேசினார். மகள் சுருக்கமாகச் சொன்னாள்.

“உனக்குக் குளிருமாம், உள்ள போவணுமாம்.”

“குளிருதுன்னு சொல்லு. எந்திரிக்க மாட்டேன்னும் சொல்லு.”

ஆள் எடுக்க வந்த அம்மா தடுப்பு ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் தலைவர் போனை எடுத்து ஆட்ட நேரத்தை மாற்றச் சொன்னார். அன்று ஆட்டம் காலையில் நடந்தது.

நல்ல ஐஸில் பக் எவ்வளவு வேகமாக வரும் என்று அன்றுதான் பார்த்தேன். பேட்டில் அது மோதும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. மகள் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குச் சரிந்தாள், எழுந்தாள், சரிந்தாள். முதலில் தடுமாறி இரண்டு கோல் விட்டாள். பிறகு ஒன்றுகூட விடவில்லை. ஆனால் எதிர் டீம் கோல் கீப்பர் எதையுமே விடவில்லை. கேம்புக்கு அந்தப் பெண்ணை எடுத்தார்கள்.

“அவ என்னவிட நல்லா புடிச்சாம்மா” என்றாள் மகள், வாரை அவிழ்க்கும்போது. அது நிஜம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் மகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை. தடுமாறி நிமிர்வதற்கே அதில் பாதி போய்விட்டது. சீசன் முழுக்க அந்த ஐஸைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் இப்போது பாண்டியில் ஒரு கடையில் பில் போடுகிறாள்.

அன்றைக்கே நடந்த பரிசளிப்பில் தலைவர் மைக்கைப் பிடித்து, பெண்களுக்குக் காலையில் ஆட்டம் நடத்தியது தங்கள் சங்கம்தான் என்று பெருமையாகச் சொன்னார். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, சங்கத்தின் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்த சால்வையைப் போர்த்தினார். மைக்கை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

மேடைக்குப் பக்கத்து அறையில் மகளின் ஸ்கேட் ஈரத்தோடு கிடந்தது. துணி தேடினேன், கிடைக்கவில்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்துத் துடைத்தேன். நல்ல துணிதான், ஈரத்தை நன்றாக இழுத்தது. வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தேன். தலைவர். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அடுத்த ஸ்கேட்டை எடுத்துத் துடைத்தேன்.